அளந்தறிந்து விரைவுபடுத்துதல்

எவ்வினையைத் தொடங்குவார்க்கும் முதற்கண் வேண்டப்படுவது அவ்வினையின் அளவறிதலாகும். இன்னது குறை, இவ்வளவு குறை, இன்னவிடத்துக் குறை என்று அறியாது திருத்தப் புகுவோன், நோய் இன்னதென்று தெரியாது மருந்தரைப்பவனை ஒப்பான். வினை செய்யுமுன் ஆராய வேண்டுவனவற்றைக் கூறவே திருவள்ளுவனார் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தைத் தனித்து வகுத்தனர். ஆள்வோர்க்குக் கூறப்பட்ட அம்முறை இக்காலத்துக் கணினி நிரல் எழுதும் மாணவர்க்கும் பொருந்துவதே. சிறப்பாக, கோப்புகளைப் படிக்கும் பைத்தான் நிரல்களை விரைவுபடுத்த விரும்புவார்க்கு அஃது இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

தமிழ் பயில்வார்க்கு நிரலோடு என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஒரு நூலிற் பயின்ற சொற்களையெல்லாம் அகர நிரலில் அடுக்கி, ஒவ்வொன்றும் எங்கெங்கே வந்துள்ளதெனக் காட்டும் தொகுப்பைச் சொல்லடைவு என்பர். முற்காலத்தில் புலவர் பலர் ஆண்டுக்கணக்காகச் சீட்டுகளில் எழுதி அடுக்கிச் செய்த வேலை இது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பயனாக, தன்னார்வலர் பலர் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் கோப்புகளாக இன்று எவர்க்கும் கிடைக்கின்றன. 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியோ கற்பதற்கு எளியது. இவ்விரண்டும் கைவந்த மாணவர் ஒருவர் தாமே ஒரு மாலைப்பொழுதிற் சொல்லடைவு செய்ய இயலும்.

ஆனால் நூல்கள் பெருகப் பெருக நிரல் தயங்கும். அப்போது பலரும் முதற்குற்றவாளியாகச் சுட்டுவது கோப்பினையே. “வன்தட்டு மெதுவானது, கோப்பைப் படிப்பதே காலத்தை விழுங்குகின்றது” என்று கொண்டு, படிக்கும் பகுதியைப் பலவாறு மாற்றத் தலைப்படுவர். அக்கூற்றுச் சிலபோது மெய், பலபோது பொய். எப்போது மெய், எப்போது பொய் என்பதை அளவையன்றி வேறெதுவும் காட்டாது.

முத்துப்பார் புகட்டும் பாடம்

அளந்து பார்த்து இறங்குதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. நாசரேத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் மன்னார்க் குடாக்கடலின் முத்துப்பார்களே இதற்குச் சான்று. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடத்துமுன் அரசாங்கத்தார் பார்களை ஆய்வு செய்வித்தனர். மூழ்குவோர் கடலடிக்குச் சென்று சிப்பிகளின் செறிவும் வளர்ச்சியும் கண்டு வந்தனர். மாதிரிக்கென ஒரு தொகைச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அழுகவிட்டுக் கழுவப்பெற்று, அவற்றுட் கிடைத்த முத்துகள் மதிப்பிடப்பட்டன. அம்மதிப்பு நம்பிக்கை தந்தாலன்றிச் சலாபம் அறிவிக்கப்படவில்லை. 1928க்குப் பின் 1955 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நிகழவில்லை. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்ததே இறுதி வரிசை.

கரையில் நின்று அலையை நோக்கி, எப்பாரில் முத்துண்டு என்று உரைக்கவல்லார் எவருமிலர். ஒரு நிரலின் வரிகளை மேலோட்டமாக நோக்கி, எவ்வரியில் காலம் செலவாகின்றதென்று உரைப்பதும் அத்தகையதே. 1971இல் டொனால்ட் குனூத் என்னும் கணினி அறிஞர் ஃபோர்ட்ரான் மொழி நிரல்கள் பலவற்றை ஆய்ந்து, ஒரு நிரலின் நூற்றுக்கு நான்கிற்கும் குறைந்த பகுதியே அதன் ஓட்டக் காலத்தில் பாதிக்கு மேற்பட்டதைக் கொள்கின்றது என்று வெளியிட்டனர். காலத்திற்கு முற்பட்ட விரைவுபடுத்தலே தீமைக்கு வேர் என்று அவர் 1974இல் எச்சரித்ததும் இவ்வறிவின் பயனே. அச்சிறு பகுதி எங்கே உள்ளதென்று அறியாதவன் எஞ்சிய நூற்றுக்குத் தொண்ணூற்றாறிலும் தன் உழைப்பை வாரியிறைப்பான்.

கோப்புக்கும் நிரலுக்கும் இடையே

ஊகம் தவறுவதற்குக் காரணம் யாதெனின், நிரலுக்கும் வன்தட்டுக்கும் இடையே அடுக்கடுக்காகப் பல ஏற்பாடுகள் அமைந்திருத்தலேயாம். அவற்றை ஒருமுறை கீழிருந்து மேலாக நோக்குவோம்.

அடியில் இருப்பது தட்டு. அதன்மேல் இருப்பது இயங்குதளம். தட்டிலிருந்து ஒருமுறை எடுத்த பகுதியை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இடம் போதாது போனாலன்றி அதனை எளிதில் விடாது. ஆதலால் அதே கோப்பை இரண்டாம்முறை கேட்கும்போது தட்டு பெரும்பாலும் தீண்டப்படுவதேயில்லை. அதன்மேல் இருப்பது பைத்தானின் இடைத்தேக்கம். நாம் கோப்பினை வரிவரியாகப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் இயங்குதளத்திற்கு ஒரு விண்ணப்பம் செல்கின்றதென்று நினைத்தல் பிழை. பைத்தான் பல ஆயிரம் பைட்டுகளை ஒருங்கே வாங்கித் தன்னிடம் தேக்கிக்கொண்டு, அதிலிருந்தே வரிகளை அளந்தளந்து தரும். ஊருணியில் நீர் நிறைத்துக் குடங்குடமாக மொள்வது போல.

எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது எழுத்தாக்கம். கோப்பில் உள்ளவை எழுத்துகளல்ல, பைட்டுகளே. யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒருங்குறியின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாக எழுதப்படும். ‘நாசரேத்’ என்னும் நம் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்க. இலக்கணத்தார் கணக்கில் நா, ச, ரே, த் என 4 எழுத்துகள். ஒருங்குறிக் கணக்கில் ந, கால், ச, ர, ஏகாரக் கொம்பு, த, புள்ளி என 7 குறிகள். கோப்பின் கணக்கில் 21 பைட்டுகள். பைத்தான் அதனைத் தன் நினைவிற்கு எடுக்கும்போது, 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதல், குறிக்கு 2 பைட்டாக 14 பைட்டில், தலைப்புச் செய்திக்கு வேண்டிய இடம் நீங்கலாக, அமைத்துக்கொள்ளும். இம்மாற்றமும் ஒரு வேலையே. அதற்கும் காலம் உண்டு. ‘கோப்பைப் படித்தல்’ என்று நாம் ஒரு சொல்லாற் குறிப்பது உண்மையில் திறத்தல், கேட்டல், பெறுதல், எழுத்தாக்கல், வரிபிரித்தல் எனப் பலவினைத் தொகுதியென்க.

ஓர் எடுத்துக்காட்டு

திருக்குறளுக்குச் சொல்லடைவு செய்யும் நிரல் ஒன்றைக் கொள்வோம். குறட்பா 1330, பாவுக்கு 7 சீர், ஆகச் சீர்கள் 9310. மூலம் முழுவதும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இத்துணைச் சிறு கோப்பைப் படித்தல் இற்றைக் கணினிக்கு இமைப்பொழுது.

இனி, அந்நிரலை எழுதினார் ஒருவர் கண்ட சொற்களையெல்லாம் ஒரு பட்டியலில் வரிசையாக இட்டு, புதிய சீர் வருந்தோறும் அது முன்னமே உள்ளதா என்று பட்டியலின் தலையிலிருந்து கடைவரை தேடச் செய்தாரென்க. எச்சீரும் மீண்டும் வாராதென்று மேலெல்லையாகக் கொள்ளின், ஒப்பிடும் முறைகள் 9310ஐ 9309ஆற் பெருக்கி இரண்டால் வகுத்த தொகை. அஃதாவது 4 கோடியே 33 இலட்சத்து 33 ஆயிரத்து 395. அதே சொற்களைப் பைத்தானின் அகராதி அமைப்பில் இட்டாலோ, சீர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு தேடலாக 9310 தேடல்களில் வேலை முடியும்.

நூல் பத்து மடங்கு பெரிதாயின் கோப்பைப் படிக்கும் வேலை பத்து மடங்காகும். பட்டியலைத் தேடும் வேலையோ நூறு மடங்காகும். நிரல் தயங்குவதைக் கண்டவர், “கோப்புப் பெரிதாயிற்று, அதனால் தயங்குகின்றது” என்பார். பெரிதானது கோப்பே, தயக்கம் பிறந்த இடம் அதுவன்று. ஒன்றையொன்று தொடர்ந்து வருவன இரண்டனுள் முன்னையதைப் பின்னையதற்குக் காரணமென்று துணிதல் தருக்க நூலார் கடிந்த பிழையாம்.

எண்ணாலும் இதனை விளக்கலாம். ஒரு நிரல் முடிய 100 நொடி ஆகின்றதென்றும், அதில் 10 நொடியே கோப்புக்குச் செல்கின்றதென்றும் கொள்க. கோப்பு வேலையை இருமடங்கு விரைவாக்கினால் எஞ்சுவது 95 நொடி. அறவே இல்லாமற் செய்தாலும் 90 நொடி. மற்றைய 90 நொடி வேலையை இருமடங்கு விரைவாக்கினாலோ 55 நொடியில் முடியும். உழைப்பு ஒன்றே, பயன் வேறு. எங்கே 10, எங்கே 90 என்று முன்னர் அறிந்தவனுக்கே இத்தேர்வு உண்டு.

அளக்கும் முறை

அளத்தலுக்கும் ஒழுங்கு உண்டு. அதனை ஐந்தாக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, போதுமென்னும் எல்லையை வகுத்துக்கொள்ளுதல். ஆண்டுக்கொருமுறை ஓடும் நிரல் ஐந்து நிமிடம் எடுப்பதில் இழப்பில்லை. நாள்தோறும் நூறுமுறை ஓடுவதாயின் ஐந்து நொடியும் மிகையாம். எவ்வளவு போதும் என்று வரையாதவன் எப்போது நிறுத்துவதென்றும் அறியான்.

இரண்டாவது, முழுக்காலத்தையும் இரு கடிகாரங்களால் அளத்தல். பைத்தானின் ‘பெர்ஃப் கவுண்டர்’ நிரல் தொடங்கியது முதல் முடிந்தது வரை கழிந்த காலத்தைக் காட்டும். ‘பிராசஸ் டைம்’ செயலி அந்நிரலுக்காக உழைத்த காலத்தை மட்டும் காட்டும். ஒரே இழையில் ஓடும் நிரலில் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருப்பின், நிரல் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை, செயலியே உழைத்துக்கொண்டிருக்கின்றது என்பது பெறப்படும். முன்னது மிகுந்து பின்னது குறைந்திருப்பின் எங்கோ காத்திருத்தல் நிகழ்கின்றது. அப்போது கோப்பின்மேல் ஐயங்கொள்ள இடமுண்டு.

மூன்றாவது, பகுதி பகுதியாக அளத்தல். 2006இல் வந்த 2.5ஆம் பதிப்பு முதல் பைத்தானோடு வரும் ‘சி-புரொஃபைல்’ என்னும் கருவி, எச்செயற்கூறு எத்தனைமுறை அழைக்கப்பட்டது, எத்துணைக் காலம் கொண்டது என்று பட்டியலிட்டுத் தரும். அக்கருவியும் தன் பங்குக்குச் சிறிது காலத்தைக் கூட்டுமாதலின், அதன் எண்களை ஒப்புநோக்குவதற்கே கொள்க. லினக்ஸ் இயங்குதளத்தில் ‘எஸ்-டிரேஸ்’ என்னும் கருவி, நிரல் இயங்குதளத்திற்கு விடுத்த விண்ணப்பங்களை வகைவகையாக எண்ணிக் காட்டும். ஒரு கோப்பு ஒருமுறை திறக்கப்படுகின்றதா, ஆயிரமுறை திறக்கப்படுகின்றதா என்பது இதனால் ஐயமற விளங்கும்.

நான்காவது, பன்முறை அளத்தல். முதல் ஓட்டத்தில் கோப்புத் தட்டிலிருந்து வருகின்றது. இரண்டாம் ஓட்டத்தில் நினைவகத்திலிருந்து வருகின்றது. முதலோட்டத்திற்கும் இரண்டாமோட்டத்திற்கும் இடையே நிரலில் ஒரு மாற்றம் செய்தவர், குறைந்த காலத்தைத் தம் மாற்றத்தின் பயனென்று மகிழ்வர். மாற்றாது விட்டிருப்பினும் அவ்விரைவு வந்திருக்கும்! ஆதலின் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே நிலையில் வைத்து, மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி ஒப்பிடுதல் வேண்டும். அந்நிரல் நாளும் எந்நிலையில் ஓடுமோ அந்நிலையிலேயே, எத்தகைய கோப்புகளின்மேல் ஓடுமோ அத்தகைய கோப்புகளின்மேலேயே அளத்தலும் வேண்டும்.

ஐந்தாவது, ஒருகாலத்து ஒன்றையே மாற்றி மீண்டும் அளத்தல். இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்பது தெரியாது. மாற்றத்தாற் பயனில்லையெனின் பழைய வடிவத்திற்கே மீளுதல் நன்று. எளிதிற் படித்தறியத்தக்க நிரலைப் பயனின்றிச் சிக்கலாக்குதல் பின்வருவோர்க்குச் சுமையேற்றுவதாம்.

அளந்து கண்டார் இருவகை வெற்றி

இவ்வாறு அளந்தபின், குற்றம் கோப்பிடத்தேயே உளதென்று தெளிவாயின் துணிந்து திருத்தலாம். பைத்தான் மொழியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உள.

கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிளைத்துச் செல்லும் பெருந்தொகுதியை முழுதும் வலம்வருவதற்குப் பைத்தானில் ‘வாக்’ என்னும் செயற்கூறு உண்டு. முன்னாளில் அது கோப்புறையிலுள்ள பெயர்களை மட்டும் பெற்று, பின்னர் ஒவ்வொரு பெயரையும் சுட்டி, “இது கோப்பா, கோப்புறையா?” என்று இயங்குதளத்தைத் தனித்தனியே வினவி வந்தது. பெயர்களைத் தரும்போதே அவ்விவரத்தையும் இயங்குதளம் பெரும்பாலும் தந்துவிடுகின்றது. பைத்தானோ அதனை எறிந்துவிட்டு மீண்டும் கேட்டது. பென் ஹாய்ட் என்பார் இதனை அளந்து கண்டு, 2014இல் எழுதிய 471ஆம் முன்மொழிவில், வீண் வினாக்களை நீக்கினால் ‘வாக்’ விண்டோஸில் எட்டு ஒன்பது மடங்கும், லினக்ஸ் முதலியவற்றில் இரண்டு மூன்று மடங்கும் விரைவுறுமென்று காட்டினர். 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பில் அது ‘ஸ்கேன்டிர்’ என்னும் பெயரால் இடம்பெற்றது. ஈண்டு நோக்கத்தக்கது, ஒரே மாற்றம் ஓரிடத்து ஒன்பது மடங்கும் மற்றோரிடத்து இரண்டு மடங்குமாகப் பயன் தந்தமை. பிறர் கணினியில் பெற்ற அளவை நம் கணினிக்கு ஆகாது.

மற்றொரு சான்று மிக அண்மையது. 2025 அக்டோபரில் வெளியான 3.14ஆம் பதிப்பில், கோப்பொன்றைத் திறந்து படிக்கும்போது இயங்குதளத்திற்குச் செல்லும் விண்ணப்பங்கள் குறைக்கப்பட்டன. இதனால், நினைவகத்தில் முன்னமே தங்கிய சிறுகோப்பை முழுதும் படித்தல் நூற்றுக்குப் பதினைந்து வரை விரைவாயிற்று என்று வெளியீட்டுக் குறிப்புக் கூறுகின்றது. அச்சொற்றொடரின் அடக்கத்தை நோக்குக. ‘எல்லாக் கோப்பும்’ என்னாது, ‘சிறுகோப்பு’ என்றும், ‘நினைவகத்தில் உள்ளது’ என்றும், ‘வரை’ என்றும் வரையறுத்தே கூறினர். அளந்தவர் மொழி இத்தகையது. பல்லாயிரம் சிறுகோப்புகளைத் திறக்கும் நிரலுக்கு இம்மாற்றம் நற்பேறு. திருக்குறளை ஒருமுறை திறந்து மூடும் நிரலுக்கு உணரத்தக்கதன்று.

மூலபாடத்திற்கு நேரும் கேடு

இதுகாறும் கூறியது காலத்தைப் பற்றியது. இனிக் கூறப்போவது தமிழ் மாணவர் அனைவரும் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி. அளவாது செய்த விரைவு காலத்தை மட்டும் வீணாக்குவதன்று. நூலின் மூலபாடத்தையே கெடுக்கவல்லது.

பைத்தானின் இடைத்தேக்கத்தையும் எழுத்தாக்கத்தையும் தவிர்த்தால் விரைவு வருமென்று எண்ணி, கோப்பினை 4096 பைட்டுத் துண்டுகளாகத் தாமே படித்து, துண்டு துண்டாக எழுத்தாக்குவார் உளர். 4096ஐ 3ஆல் வகுத்தால் 1365 ஈவும் 1 மீதியும் வரும். அஃதாவது, தமிழ்க் குறிகளே நிறைந்த கோப்பில் முதல் துண்டின் கடையில் ஒரு குறியின் முதற்பைட்டு மட்டும் சிக்கிக்கொள்ளும். எஞ்சிய இரண்டும் அடுத்த துண்டின் தலையிற் கிடக்கும். இடைவெளிகள் கலந்த கோப்பில் வெட்டு எங்கும் விழலாம். அப்போது பைத்தான் பிழையென்று நின்றுவிடும், அது நன்மையே. ஆனால் அப்பிழைச் செய்தியால் எரிச்சலுற்று, ‘பிழைகளைப் புறக்கணி’ என்று கட்டளையிட்டால், அக்குறி ஓசையின்றி மறையும்.

‘கடல்’ என்னும் சொல்லில் டகரம் வெட்டுவாயில் அகப்பட்டு மறைந்தால் எஞ்சுவது ‘கல்’. அதுவும் தமிழ்ச் சொல்லே, அகராதியில் உள்ளதே. ஆகையால் எழுத்துப்பிழை தேடும் எக்கருவியும் அதனைக் காட்டாது. சொல்லடைவில் கடல் ஓரிடம் குறையும், கல் ஓரிடம் மிகும். அதனை நம்பி ஒருவர் ஆய்வுரை எழுதுவார்; அவ்வுரையை நம்பி மற்றொருவர் எழுதுவார். ஏடெழுதினோர் கைப்பிழையால் விளைந்த பாடவேறுபாடுகளைக் களைய உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் ஊரூராகச் சென்று ஏடு தேடி ஒப்புநோக்கினர். அவ்வாறு மீட்ட பாடத்தை, நாலைந்து நொடி மிச்சப்படுத்தப் புகுந்து நாம் மீண்டும் சிதைப்போமாயின் அதனினும் பெரிய நன்றிகேடு உண்டோ?

ஆதலால் விரைவை அளக்கும்போதே செம்மையையும் அளத்தல் வேண்டும். மாற்றத்திற்கு முன் பெற்ற விளைவையும் பின் பெற்ற விளைவையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று கண்ட பின்னரே புதியதை ஏற்க வேண்டும். துண்டாகப் படிக்கவே வேண்டின், குறைக்குறியை அடுத்த துண்டு வரும்வரை காத்து வைக்கும் எழுத்தாக்க முறையைப் பைத்தானே தருகின்றது. கோப்பை எழுத்துநிலையில் திறந்தால் அஃது இயல்பாகவே நிகழும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நிரலின் தயக்கத்திற்குக் கோப்பே காரணமென்று முன்கூட்டித் துணிதல் ஆகாதென்பதும், கழிந்த காலத்தையும் உழைத்த காலத்தையும் பிரித்தறிந்து பகுதிதோறும் அளத்தலே நெறியென்பதும், அளந்து கண்ட குற்றத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தி மீண்டும் அளத்தல் வேண்டுமென்பதும், விரைவின் பொருட்டு ஓர் எழுத்தும் இழத்தற்குரியதன்றென்பதும் பெறப்பட்டன. இவை பைத்தானுக்கு மட்டும் உரியனவல்ல. தேர்வுக்குப் படிக்கும் நேரத்தை வகுப்பதற்கும், விடுதியின் செலவைச் சுருக்குவதற்கும் இதுவே வழி.

எனவே, நம் கல்லூரியில் தமிழ் பயில்வாரும் கணினி பயில்வாரும் ஒருங்கு கூடிப் பழநூல்களுக்குச் சொல்லடைவு செய்யும் நன்முயற்சியில் இறங்குவாராக. இறங்குமுன் ஆழம் பார்ப்பாராக. முத்துக்குளிப்போர் கைக்கு வந்த சிப்பியை எண்ணிய பின்னரே முத்தை எண்ணினர்; அவர்கள் கரையில் வாழும் நாமும் அவ்வாறே செய்வோமாக.